கேட்பவர் முகம்

ஜனவரி 4

டாக்டர் மீரான் இன்று என்னைப் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு ஒரு வேலையை என் தலையில் கட்டிவிட்டார். "உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா மேடம்? முப்பது வருஷத்துக்கு மேல வலியைப் பத்தியே ஆராய்ச்சி பண்ணியிருக்கீங்க. சாருக்கு வலி எத்தனைன்னு தினமும் நீங்களே கேட்டு எனக்குச் சொல்லிருங்க. அத வச்சு நான் மருந்தக் கூட்டிக் குறைச்சுக்கிடுதேன்" என்றார். என் வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வேறு யாருக்கோ வந்த வியாதியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதுபோல மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புராஸ்டேட்டில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்கு வந்துவிட்டது. இனிக் குணமாக்க முடியாது, வலியில்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். எவ்வளவு காலம் என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே வீட்டில் கேட்கிற ஆள் நான் ஒருத்திதான், பதில் சொல்கிற ஆள் இவர் ஒருவர்தான்.

இந்த டைரி இவர் பென்ஷன் வாங்குகிற வங்கியில் கொடுத்தது. "நீ எழுதுளா, எனக்கு எழுத என்ன இருக்கு" என்று என் மேசையில் போட்டுவிட்டுப் போனார். மே மாதக் கடைசியில் எனக்கு ஓய்வு. அதற்குள் என் கடைசி ஆய்வை முடித்தாக வேண்டும். எழுத எனக்குத்தான் நேரம் கொட்டிக் கிடக்கிறது பார்.

ஜனவரி 6

காலையில் காபி கொடுத்துவிட்டு முதல் முறையாகக் கேட்டேன். சோதனைக்கூடத்தில் கேட்கிறபடியேதான். பூஜ்யம் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் இதற்கு மேல் ஒரு வலியை நினைத்துப் பார்க்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் இப்போது எங்கே இருக்கிறீர்கள்?

இதைக் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. புதிதாக வருகிற ஆராய்ச்சி மாணவர்களுக்கு முதல் மாதம் முழுக்க இதைத்தான் பழக்குவேன். கேட்பவர் முகம் சுவர் மாதிரி இருக்க வேண்டும். புருவம் ஏறக் கூடாது, உதடு சுழிக்கக் கூடாது, மூச்சுகூட மாறக் கூடாது. எதிரில் இருப்பவர் நம் முகத்தைப் படித்து எண்ணை மாற்றிவிடுவார். கண்ணாடி முன்னால் நிறுத்திப் பழக்கியிருக்கிறேன். 'ஐஸ் மேடம்' என்று எனக்குப் பெயர். ஐஸ் தண்ணீரில் கையை முக்கச் சொல்கிறவள் என்பதால் வைத்த பெயர் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். முகத்துக்கும் சேர்த்துத்தானாம். என் கடைசி மாணவி பெனிட்டா போன வருஷம் சொன்னாள்.

"ஒம்பது" என்றார் இவர்.

என் முகம் அசையவில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன். மார்ஃபின் மாத்திரை தொடங்கச் சொன்னார். நானே ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்கிவந்தேன்.

மத்தியானம் பார்த்தால் மேல்தொட்டியில் பொட்டுத் தண்ணீர் இல்லை. நேற்றுத்தான் மோட்டார் போட்டேன். அடுப்படிக் குழாயில் வாஷர் போயிருக்கும். பிளம்பருக்குச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 7

காலை ஐந்து. மாலை மூன்று. மருந்து கேட்கிறது. அப்பாடா.

ஜனவரி 12

மூன்று. நேற்றும் மூன்று.

இன்றைக்கு ஐஸ் தாமதம். வழக்கமாகப் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் மீன் வியாபாரிக்கு வருகிற வண்டியில்தான் எங்களுக்கும் ஒரு பாளம் வரும். நான் இந்தக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். வலி ஆராய்ச்சிக்கென்று தனியாக ஐஸ் செய்து தர எந்த நிர்வாகமும் தயாராக இல்லை. புதிதாகக் கல்யாணமான காலத்தில் நான் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் என் மாமியார் மூக்கைப் பொத்திக்கொள்வார். "சைவப்பிள்ளை வீட்டு மருமக, மீன்கடையில உத்தியோகம்" என்று இவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

வேலை ஒன்றும் பெரிய மாயமில்லை. ஐஸ் தண்ணீர் நிரப்பிய எவர்சில்வர் தொட்டியில் ஒருவர் கையை முக்க வேண்டும். யாருக்கும் தீங்கில்லை, ஆனால் நன்றாக வலிக்கும். இன்னொரு கை விரலில் இரண்டு கம்பிகள். விரலில் வியர்வை எவ்வளவு ஊறுகிறது என்று அது காட்டும். நெஞ்சுத் துடிப்புக்கு ஒன்று. வாய் சொல்கிற எண் ஒரு பக்கம், உடம்பு போடுகிற கோடு ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் என் வாழ்க்கை முழுக்கப் போயிருக்கிறது.

கடைசி ஆய்வில் கேள்வி ஒன்றே ஒன்று: கேட்கிற ஆள் மாறினால் எண் மாறுமா? தம்பதிகளாக வரவழைக்கிறோம். கணவர் கையை முக்குகிறார். ஒரு தடவை முன்பின் தெரியாத ஆள் கேட்கிறார். ஒரு தடவை மனைவி கேட்கிறார். அப்புறம் ஆளை மாற்றி மனைவி கையை முக்குகிறார். இன்னும் பத்துப் பதினைந்து ஜோடி வேண்டும். கூப்பிட்டால், "கல்யாணம் பண்ணதே போதும் மேடம்" என்கிறார்கள்.

ஜனவரி 15

பொங்கல். பால் நன்றாகப் பொங்கிற்று. இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கும்பிட்டார். குனியவில்லை. இரண்டு கரண்டி சாப்பிட்டார். கரும்பைப் பல்லால் உரித்துத் தின்கிற மனிதர் இந்த வருஷம் தொடவில்லை. பல் கூசுகிறதாம். பல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எண் மூன்று.

பிளம்பர் நேற்று வந்து பார்த்தான். வாஷர் நன்றாக இருக்கிறது என்றான். அவனுக்கு என்ன தெரியும்.

ஜனவரி 29

இவர் இப்போது கட்டிலில் படுப்பதில்லை. வாசல் அறையில் சாய்வு நாற்காலியில்தான். காற்று அங்கேதான் நன்றாக வருகிறதாம். கட்டிலுக்கு நேர் மேலே மின்விசிறி ஓடுகிறது, அங்கே வராத காற்றா? வயதானால் பிடிவாதம் கூடத்தான் செய்யும்.

இவருடைய தோள் துண்டு ஓரமெல்லாம் நைந்து கிழிந்திருக்கிறது. ஒன்றல்ல, கொடியில் கிடந்த மூன்று துண்டும் அப்படி. எலி வந்திருக்கிறது. பொறி வாங்க வேண்டும்.

மூன்று.

பிப்ரவரி 10

டாக்டர் மீரான் போன் செய்தார். "மேடம், புது ஸ்கேன் பாத்தேன். எலும்பு ரொம்ப அரிச்சிருக்கு. இதுக்கு மூணுங்கது கம்மியா இருக்கே. ஒரு மாத்திரை கூட்டிப் பாப்பமா?" என்றார்.

வேண்டாம் என்றேன். கூட்டினால் தூங்கி வழிவார், அது இவருக்குப் பிடிக்காது. தவிர, இவருக்கு வலி தாங்கும் சக்தி அதிகம். இது பெண்டாட்டி பெருமை அல்ல, நானே அளந்த தகவல். டாக்டரிடமும் அதைச் சொன்னேன்.

தொண்ணூறாம் வருஷம். எங்களுக்கு நிச்சயமாகி, கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. நான் ஆராய்ச்சி மாணவி. ஜெர்மனியில் செய்த பழைய கருவி ஒன்றை எங்கள் துறைக்கு யாரோ தானமாகக் கொடுத்திருந்தார்கள். மைப் பேனாக்கள் தாளில் கோடு போடும். அதைச் சோதித்துப் பார்க்க ஆள் கிடைக்காமல் நின்றபோது, இவர் ஏதோ விளையாட்டுப் போட்டிக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்த சாக்கில் எங்கள் துறை வாசலில் வந்து நின்றார். டிரில் மாஸ்டர். வெள்ளைக் கால்சட்டை, கழுத்தில் விசில். "கைய வச்சா போதும்லா?" என்று தொட்டியில் கையை முக்கினார். நான் வைத்திருந்த நேரம் முடிகிறவரை எடுக்கவில்லை. எத்தனை என்று கேட்டேன். "ஒண்ணு" என்றார், சிரித்துக்கொண்டே. பேனா மட்டும் தாள் உச்சிவரை ஏறிப் போயிருந்தது. கருவியில் கோளாறு என்று குறித்துவைத்தேன்.

மைதானத்தில் முட்டி பெயர்ந்து விழுந்து கிடக்கிற பையனிடம் போய், "ஒண்ணுமில்லல, எந்தி" என்று சொல்கிறவர் இவர். அவர்களும் எழுந்து ஓடுவார்கள். அந்த மனிதருக்கு மூன்று என்றால் மூன்றுதான்.

டாக்டர், "நீங்க சொன்னா சரி மேடம்" என்றார்.

பிப்ரவரி 20

நாளை கோயம்புத்தூர் போகிறேன். மாநாடு. என் துறையில் எனக்கு இதுதான் கடைசி மேடை. போகவில்லை என்றுதான் சொன்னேன். இவர் விடவில்லை. "மூணு வச்சிக்கிட்டு ஒனக்கு லீவு போடணுமா? போயிட்டு வாளா" என்றார். இவரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்த சவரிமுத்து அண்ணாச்சி வந்து தங்குகிறார். எப்படிக் கேட்க வேண்டும், எண்ணை எப்படிக் குறிக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். தலையை ஆட்டினார்.

பிப்ரவரி 23

வந்து பார்த்தால் அண்ணாச்சி எழுதி வைத்திருக்கிற கணக்கு: எட்டு, ஏழு, எட்டு, எட்டு.

எனக்கு வந்ததே கோபம். "அண்ணாச்சி, நீங்க எப்படிக் கேட்டிய?" என்றேன்.

"எப்படிக் கேப்பேன் தங்கச்சி? பக்கத்துல உக்காந்து, 'என்னவே, ரொம்ப வலிக்கோ'ன்னு கேட்டேன்."

"ரொம்ப வலிக்கோன்னு கேட்டா ரொம்பன்னுதான் வரும். பதில நீங்களே கையில குடுத்துட்டிய. போதாக்குறைக்கு மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு உக்காந்திருப்பிய."

"எனக்கு மூஞ்சி அப்படித்தான் இருக்கு, என்ன செய்ய?" என்றார் அண்ணாச்சி.

அவர் எதிரிலேயே இவரிடம் முறைப்படி கேட்டேன். "மூணு" என்றார் இவர், என்னைப் பார்த்து. அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார், காபிகூடக் குடிக்கவில்லை.

அந்த எண்களை டாக்டருக்குச் சொல்லவில்லை. கேட்கத் தெரியாதவர் கேட்ட எண்ணைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மாநாட்டில் என் பேச்சுக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். அதை இவரிடம் சொல்லவே மறந்துவிட்டேன்.

மார்ச் 2

அண்ணாச்சி வருவதில்லை. "சவரி எங்க, ஆளையே காணும்?" என்று இவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். காய்ச்சலாம் என்று ஒரு பொய் சொன்னேன்.

பொறியில் எலி விழவில்லை. தேங்காய்ச் சில்லு காய்ந்துபோய்க் கிடக்கிறது. துண்டு மட்டும் கிழிந்துகொண்டே இருக்கிறது.

மார்ச் 11

கடைசி ஜோடி வந்துவிட்டது. மேலப்பாளையத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிற ஆள், அறுபத்தைந்து இருக்கும். மனைவி நல்ல வாயாடி. பெனிட்டா கேட்டபோது மனிதர் "எட்டு, எட்டு, கைய எடுக்கட்டுமா தாயி" என்று கெஞ்சினார். இளைப்பாற விட்டு, அப்புறம் மனைவி கேட்டார். "எத்தனைங்க?" மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து, "ரெண்டு" என்றார். திரையில் கோடு முதல் தடவை ஏறிய இடத்துக்கே ஏறி நிற்கிறது. அந்த அம்மாவுக்கு ஒரே பெருமை. "எங்க வீட்டுக்காரருக்கு எதையும் தாங்குத ஒடம்பு மேடம்" என்றார்.

அவர்கள் போன பிறகு நானும் பெனிட்டாவும் சிரித்துத் தீர்த்துவிட்டோம். பொய்யன், பச்சைப் பொய்யன் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் புதுத் துண்டு நாலு வாங்கினேன். இவர் மூன்று.

மார்ச் 18

வரைபடம் வந்துவிட்டது. பெனிட்டா கணினியை என் பக்கம் திருப்பி வைத்தாள். ஆண்கள், அந்நியர் கேட்டால்: கிட்டத்தட்ட ஏழு. ஆண்கள், மனைவி கேட்டால்: நாலைத் தொடவில்லை. வியர்வைக் கோடு, நெஞ்சுத் துடிப்பு இரண்டும் இரண்டு தடவையும் ஒன்றேதான். பெண்களிடம் அவ்வளவு வித்தியாசமில்லை. கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று பிரித்துப் போட்டிருந்தாள். வருஷம் கூடக்கூட மனைவியிடம் சொல்கிற எண் இறங்கிக்கொண்டே போகிறது. முப்பது வருஷத்தைத் தாண்டியவர்கள் எல்லாம் மூன்றில் வந்து குவிந்திருந்தார்கள்.

"மேடம், ரிட்டையர் ஆகுத நேரத்துல இதவிட நல்ல ரிசல்ட் யாருக்குக் கிடைக்கும்?" என்றாள் பெனிட்டா. "ட்ரீட் குடுக்கணும் மேடம் நீங்க."

சரி என்றேன். தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 19

காலையில் மூன்று என்றார். எழுதிக்கொள்ளவில்லை.

மார்ச் 20

சமாதானபுரத்துக்கு ஆட்டோவில் போய், சவரிமுத்து அண்ணாச்சி வீட்டு வாசலில் நின்றேன். "வாங்க தங்கச்சி" என்றார், ஒன்றுமே நடக்காததுபோல. "நீங்க வந்து கேக்கணும் அண்ணாச்சி. நீங்க கேக்குத மாதிரியே கேளுங்க. மூஞ்சியும் இருக்குத மாதிரியே இருக்கட்டும்" என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு ஆட்டோவில் ஏறினார்.

வீட்டில் நான் காபி போடுகிறேன் என்று அடுப்படிக்குள் போய்க் கதவை ஒருக்களித்துவிட்டு நின்றுகொண்டேன். ஒட்டுக்கேட்பது தப்புதான். வேறு வழி தெரியவில்லை.

"என்னவே, காய்ச்சல் தேவலையா?" இவர் குரல்.

"எனக்கென்னவே காய்ச்சல். ஒமக்கு எப்படி இருக்கு, அதச் சொல்லும்."

"எட்டு. நேத்து ஒம்பதுக்குப் போயிட்டு வந்துட்டேன். இடுப்புக்குக் கீழ யாரோ கம்பிய விட்டுத் திருகுத மாதிரி இருக்கு வே. துண்ட வாயில வச்சுக் கடிச்சாத்தான் சத்தம் வெளிய வராம இருக்கு. அவ எலின்னு நெனச்சுப் பொறி வச்சிருக்கா."

"அந்த எட்ட தங்கச்சிகிட்ட சொன்னா என்னவே? டாக்டர் மருந்தக் கூட்டுவாருல்லா?"

"மொத நாளு சொன்னேம்லா, ஒம்பதுன்னு. முகத்துல ஒண்ணுமே காட்டல. டாக்டர்ட்ட பேசினா, மாத்திரை வாங்கிட்டு வந்தா, எல்லாம் சரியாத்தான் செஞ்சா. அப்புறம் அடுப்படிக்குப் போயிக் குழாயத் தொறந்துவிட்டா. தொட்டித் தண்ணி பூராவும் போயிட்டு. அவ அழுகுறது எனக்குக் கேக்காதுன்னு நெனச்சிருக்கா. முப்பத்தஞ்சு வருசமா அவகூட இருக்கேன், எனக்குக் கேக்காதா?"

"அதுக்குன்னு இப்படியா வே?"

"வலியத் தாங்கிக்கிடலாம் வே. அந்தக் குழாய்ச் சத்தத்தத் தாங்க முடியல. நான் எட்டு சொன்னா அவ காலேசுக்கும் போக மாட்டா. இந்தக் கடைசி வேலைய முடிச்சிட்டு வரட்டும், அதுக்கப்புறம் பாப்போம்னு இருக்கேன்."

என் கை குழாயின் மேல் இருந்தது. எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை. அன்றைக்கு வாஷர் போகவில்லை. இந்த டைரியில் வாஷர் என்று எழுதியிருக்கிறேன். எனக்கு நானே மூணு சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கையை எடுத்துவிட்டு, இருந்த முகத்தோடு வாசல் அறைக்குப் போனேன். இவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அண்ணாச்சி எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார்.

"எத்தனை?" என்றேன். பூஜ்யம், பத்து ஒன்றும் சொல்லவில்லை.

இவர் என் முகத்தையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எட்டு" என்றார்.

நான் அழுதேன். இவர் எதிரிலேயே, சத்தமாக, மூக்கு ஒழுக. கல்யாணமான நாளிலிருந்து இவர் முன்னால் நான் அழுததில்லை. மாமியார் செத்தபோதுகூட அடுப்படியில்தான் அழுதேன்.

"பாத்தியா, இதுக்குத்தான் மூணு சொன்னேன்" என்றார் இவர்.

"நீங்க எட்டச் சொல்லுங்க. நான் பாட்டுக்கு அழுதுக்கிடுதேன். ரெண்டு வேலையும் வேற வேற" என்றேன்.

மார்ச் 21

டாக்டர் மீரானிடம் எட்டு என்றேன். இரண்டு மாதத்துக்கு மேலாக எட்டு என்றேன். "சரி மேடம், சாயங்காலமே வீட்டுக்கு வாரேன்" என்றார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மார்ச் 26

ஐந்து. இன்று கட்டிலில் படுத்தார். நன்றாகத் தூங்கினார், குறட்டையோடு. வாசலில் நின்று அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எலிப்பொறியைத் தூக்கிக் குப்பையில் போட்டேன்.

ஏப்ரல் 9

நாலு. நம்பினேன். காரணம், நேற்று ஆறு என்று சொன்னார், நான் அழுதேன், அதற்காக இவர் எண்ணைக் குறைக்கவில்லை; மாலையில் திரும்பக் கேட்டபோதும் ஆறு என்றே சொன்னார்.

மருந்தால் தூக்கம் கொஞ்சம் கூடத்தான் செய்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகுகிறது. எனக்கு அது கஷ்டமாக இருக்கிறது. இவரோடு பேசுவதற்கு நேரம் குறைகிறதே என்று இருக்கிறது. ஆனாலும் வலியில்லாத முகம் எப்படி இருக்கும் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். அது இப்படித்தான் இருந்தது.

ஏப்ரல் 24

பெனிட்டா ஆய்வுக் கட்டுரையைக் கொண்டுவந்தாள். முடிவுரையில் 'இந்தக் கண்டுபிடிப்பு மருத்துவமனைகளில் பயன்படக்கூடும்' என்று எழுதியிருந்தாள். 'வீடுகளில்' என்று திருத்தினேன். ஏன் மேடம் என்று கேட்டாள். அப்படியே இருக்கட்டும் என்றேன்.

இனி மாணவர்களுக்குச் சுவர் முகம் பழக்க வேண்டுமா என்றும் கேட்டாள். சோதனைக்கூடத்தில் வேண்டும், வாசலைத் தாண்டினால் கழற்றிவைத்துவிடச் சொல் என்றேன். எழுதிக்கொண்டாள், பைத்தியக்காரி.

மே 31

ஓய்வு. மாலை, சால்வை, வாழ்த்துப் பா, எல்லாம் நடந்தது. கல்லூரி முதல்வர் என்னைப் பற்றிப் பேசும்போது மூன்று தடவை 'ஐஸ்' என்றார், மூன்று தடவையும் கூட்டம் சிரித்தது. இவரால் வர முடியவில்லை. சவரிமுத்து அண்ணாச்சி வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, யாரோ செத்துப்போனது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கைதட்டினார்.

எவர்சில்வர் தொட்டியைக் கேட்டு வாங்கி ஆட்டோவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதைப் பார்த்ததும் இவர் முகத்தில் ஒரு சிரிப்பு.

"ஏளா, இதுலதான அன்னைக்கிக் கைய விட்டேன்?"

"இதேதான்."

"எப்பா, அன்னைக்கி என்னமா சுள்ளுனு ஏறிச்சு. உயிரு போயிட்டு. அப்புறம் ரெண்டு நாளு விசில் பிடிக்க முடியல."

"நீங்க ஒண்ணுன்னு சொன்னிய."

"கட்டிக்கிடப் போற பொண்ணு முன்னால நின்னு எத்தனைன்னு கேக்கா. பத்துன்னு சொல்லச் சொல்லுதியா?"

ஆக, கருவியில் கோளாறே இல்லை. பேனா அன்றைக்கே உண்மையைத்தான் எழுதியிருக்கிறது. இதைக் கேட்டு எனக்குச் சிரிப்புத் தாளவில்லை. என் முதல் சோதனையிலிருந்து கடைசிக் கட்டுரை வரைக்கும் ஒரே ஆள், ஒரே பொய்.

ஜூன் 8

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வாசலில் என்னை மட்டும் நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனார். நான் உள்ளே போனபோது இவர் விழித்திருந்தார். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சாயங்கால வெயில் கட்டில்வரை வந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை என்றேன்.

"ரெண்டு. நெசமாவே ரெண்டு" என்றார். விரலைப் பிடித்துப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. பொய் சொன்னால் அந்த விரல் காட்டிக்கொடுத்துவிடும்.

"ஒனக்கு எத்தனை?" என்றார்.

என்னிடம் இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. எத்தனையோ பேரிடம் நான் கேட்டிருக்கிறேன்.

"மூணு" என்றேன்.

இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து" என்றேன்.

இவர் முகம் அசையவில்லை. எங்கே கற்றுக்கொண்டாரோ. சுவர் மாதிரி வைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "ஏளா நாயகி, அடுப்படிக்குப் போயி அந்தக் குழாயக் கொஞ்சம் தொறந்துவிட்டுட்டு வாயேன்."

நான் எழுந்திருக்கவில்லை. துண்டை எடுத்து இவர் கண்ணைத் துடைத்துவிட்டுக்கொண்டு அங்கேயே இருந்தேன்.